சும்மா வந்தவர்களுக்கு நீல ஸ்டிக்கர்

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலி, தூக்கம் எல்லாம் எப்படி இருக்கிறது? ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். நான் போட்டுக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன். அப்படியும் காது மடல் சுடுகிறது.

என் மகளும் மாப்பிள்ளையும் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கப் போனார்கள். அது கெட்டது. ஏன் கெட்டது என்றால், நான் ஒரு நாள் பாத்ரூம் போனேன். சிரிக்காதீர்கள். அந்தக் கம்பெனி சொன்ன காரணம் அதுதான்.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செல்போன் ரிப்பேர் செய்கிறவர். போன வருஷம் ஒரு லாரி அவரை இடித்தது. இப்போது சக்கர நாற்காலி. கை நன்றாக இருக்கிறது, தொழிலுக்குக் குறைவில்லை, வீட்டிலேயே மேஜை போட்டுச் செய்கிறார். ஆனால் அவர்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், மூன்றாவது மாடி. அதுகூடப் பரவாயில்லை. அந்த வீட்டு பாத்ரூம் கதவுக்குள் நாற்காலி நுழையாது. என் மகள் ஒவ்வொரு தடவையும் குனிந்து, அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே ஸ்டூலில் உட்கார வைக்கிறாள். பல் டாக்டரிடம் உதவியாளாக நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து இதைச் செய்கிறாள். அவள் இடுப்பு இப்போது என் இடுப்பைவிட மோசம்.

அதனால் புது வீட்டுக்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. நாற்காலி பாத்ரூமுக்குள் போக வேண்டும். நீச்சல் குளம் வேண்டாம், மொட்டை மாடித் தோட்டம் வேண்டாம். கதவு வேண்டும். அகலமாக.

இதற்காக அவர்களுக்கு ஒரு புரோக்கர் இருந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு டேப்பு என்று பெயர். உள்ளே வந்தால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் டேப்பை இழுத்து எதையாவது அளப்பாள். வாய் ரொம்ப நீளம், அந்த டேப்பைவிட நீளம். அவள் என் மகளிடம் சொல்லியிருக்கிறாள்: "புது பில்டிங்னா முதல் தடவையே என்னைக் கூட்டிக்கிட்டுத்தான் போகணும் அக்கா. நீங்களா போய் எட்டிகிட்டிப் பாத்துடாதீங்க. அப்புறம் என்னைச் சேத்துக்க மாட்டாங்க. எனக்குக் கமிஷன் பில்டர்தான் குடுப்பான், உங்களுக்குச் செலவில்ல. ஆனா நான் வாயத் தொறந்தா அது உங்களுக்காக."

இதை மகளிடம் சொன்னாள். மகள் என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன வீடா வாங்கப் போகிறேன் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் கண் டாக்டரிடம் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து. வயிற்றில் வேறு அவசரம். எதிரே முழுக்கக் கண்ணாடியாக ஒரு கட்டிடம், வாசலில் நீரூற்று. என் வயதில் அந்த நேரத்தில் நீரூற்றைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போய்விட்டேன். வாசலில் 'அனுபவ மையம்' என்று எழுதியிருந்தது. என்ன அனுபவம் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

பளிச்சென்று ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"வாங்க மேடம்! தனியா வந்தீங்களா, கூட ஆள் இருக்காங்களா?"

"தனியாத்தாம்மா."

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

சுற்றிலும் கோட்டுப் போட்ட ஆண்கள். எப்படிச் சொல்வது? "சும்மாதாம்மா" என்றேன்.

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு வெளிச்சம். என் தோளில் வட்டமாக ஒரு நீல ஸ்டிக்கரை ஒட்டினாள். பெயரைக் கேட்டாள், போன் நம்பர் கேட்டாள், வீட்டில் யார் யார் என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். சொன்னால்தான் வழி காட்டுவாள் போலிருந்தது. பாத்ரூமைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை சுத்தம், அத்தனை வாசனை. திரும்பி வந்ததும் ஜில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "பாத்ரூம் பிரமாதம்மா" என்று பாராட்டிவிட்டு, இந்தக் காலத்திலும் இப்படி மனுஷர்கள் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூம் போனதை யாராவது செய்தியாகச் சொல்வார்களா?

அடுத்த வாரம் மகள் ஒரு டாக்ஸி பிடித்தாள். மாப்பிள்ளை, அவர் நாற்காலி, மகள், டேப்பு, நான். போய் இறங்கினால் அதே நீரூற்று, அதே கண்ணாடி.

அதே பெண் கையில் இரண்டு கட்டு ஸ்டிக்கரோடு வந்தாள். டேப்பு முன்னால் போய், "இவங்க சார்பா நான் வந்திருக்கேன், சிவப்பு ஒட்டுங்க" என்றாள். தொழில் தெரிந்தவள். புரோக்கரோடு வந்தால் சிவப்பு, தனியாக வந்தால் நீலமாம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகத்தில் மறுபடியும் அந்த வெளிச்சம்.

"மேடம்! நீங்க ஏற்கனவே வந்திருக்கீங்களே! தனியா!"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க மாட்டேன்.

"அம்மா பாத்ரூமுக்கு வந்திருப்பாங்க" என்றாள் மகள்.

"எங்க பாத்ரூமுக்குத்தானே மேடம்?"

"வீடு பாக்க வரலம்மா அவங்க!"

"காரணத்துல 'சும்மா'ன்னு பதிவாகியிருக்கு மேடம். சும்மா வர்றவங்கதான் எங்களுக்கு ரொம்ப முக்கியமானவங்க. வேலையா வர்றவங்க வேலையை முடிச்சுட்டுப் போயிடுவாங்க. சும்மா வர்றவங்கதான் வாங்குவாங்க."

"சரி, அவங்க வந்தாங்க. நாங்க வரலையே?"

"ஒரு குடும்பத்துக்கு ஒரு கலர்தான் மேடம்."

சொல்லிக்கொண்டே மகள் தோளில் ஒன்று, மாப்பிள்ளை தோளில் ஒன்று, நீலம் நீலமாக ஒட்டிவிட்டாள். டேப்புக்கு ஒட்டவில்லை. நீலக் குடும்பத்துக்குச் சொந்தமாகப் புரோக்கர் கிடையாதாம். கம்பெனியே ஓர் ஆளைக் கொடுக்குமாம்.

டேப்பு விடுகிற ஜாதி இல்லை. அரை மணி நேரம் சண்டை போட்டாள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு சலுகை வந்தது. சொந்தக்காரியாக வேண்டுமானால் உள்ளே வரலாம். டேப்பை வாசலில் கொடுத்துவிட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

"என்ன சொந்தம்?" என்றாள் டேப்பு.

"சித்தி காலியா இருக்கு" என்றாள் அந்தப் பெண், கம்ப்யூட்டரைப் பார்த்து.

அப்படியாக டேப்பு என் மகளுக்குச் சித்தியானாள். எனக்குத் தங்கையா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சித்தி தொழில் எதுவும் செய்யாமல் சித்தியாகவே இருக்கிறாளா என்று கவனிக்க ஒரு செக்யூரிட்டிக்காரரைப் பின்னாலேயே அனுப்பினார்கள்.

எங்களுக்கென்று கொடுத்த ஆள் வந்தார். சின்ன வயசு. கழுத்தில் நாடாவில் ஒரு அட்டை தொங்கியது. அதில் 'உங்கள் ஆலோசகர்' என்று இருந்தது. நான் மனசுக்குள் அவருக்கு அட்டை என்றே பெயர் வைத்துக்கொண்டேன். காகித அட்டையா, ரத்தம் குடிக்கிற அட்டையா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி வீட்டுக்குள் அழைத்துப் போனார். ஆஹா, எத்தனை விசாலம்! மாப்பிள்ளையின் நாற்காலி ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து பாத்ரூம் என்று தண்ணீர் மாதிரி போனது. என் மகள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை இரண்டும் சும்மா தொங்கின, தூக்க ஒன்றும் இல்லாமல்.

அப்போதுதான் சித்தி இருமினாள்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சித்தி எங்களைப் பார்க்கவில்லை. பாத்ரூம் வாசலையே பார்த்து மறுபடியும் இருமினாள். மகளும் பார்த்தாள். கதவு இல்லை. நிலைச்சட்டம்கூட இல்லை. வெறும் ஓட்டை. திரும்பினால் படுக்கையறைக்கும் கதவு இல்லை. அந்த வீடு முழுக்கக் கதவே இல்லை.

சித்தி கட்டிலைப் பார்த்து ஒரு தடவை இருமினாள். அது குழந்தைகள் படுக்கிற அளவுக் கட்டில். முகம் பார்க்கிற கண்ணாடி பதித்த சுவரைப் பார்த்து இருமினாள். அறையில் பாதி அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தது.

செக்யூரிட்டிக்காரர் வாக்கிடாக்கியை எடுத்தார். "சார், சித்தி இருமுறாங்க... இல்ல சார், சளி இல்ல. தொழில்முறை இருமல் மாதிரி இருக்கு சார்."

மேலிடத்தில் ஆலோசித்துவிட்டுச் சொன்னார்கள். இருமல் ஆலோசனையாகத்தான் கருதப்படுமாம். சித்தியை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது வாசலைத் தாண்டுகிற வரைக்கும் இருமிக்கொண்டே போனாள், பாவி.

ஹாலில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும் மகள் அட்டையிடம் கேட்டாள். "கதவு எங்கங்க?"

"கதவை உங்க கற்பனைக்கே விட்டிருக்கோம் மேடம்."

"கற்பனைக்குள்ள வீல்சேர் போகுமா? கதவு போட்டா உள்ள எவ்வளவு அகலம் மிஞ்சும்? அதைச் சொல்லுங்க."

"அருமையான கேள்வி! உங்களுக்காக நான் அவங்ககிட்ட கறாரா கேக்கறேன் பாருங்க" என்றார் அட்டை. இனி எழுதுவதை நம்புவது உங்கள் பாடு. கழுத்தில் இருந்த அட்டையைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் 'விற்பனைப் பிரிவு' என்று இருந்தது. எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கினார்.

"கட்டி முடிச்சப்புறம்தான் தெரியும்."

மறுபடியும் எழுந்தார். அட்டையைத் திருப்பினார். எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம்? விடாம கேட்டுப் பதில் வாங்கிட்டேன். சாதாரணமா இதைச் சொல்லவே மாட்டாங்க."

"விலையில ஏதாவது குறைப்பாங்களா?" என்றார் மாப்பிள்ளை. எங்கள் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு.

அட்டை மறுபடியும் திருப்பிக்கொண்டு எதிரே போனார். இந்தத் தடவை சண்டை பலமாக இருந்தது. இங்கிருந்து, "சார், பாவம் சார், நல்ல குடும்பம்!" அங்கிருந்து, "முடியவே முடியாது!" இங்கிருந்து, "உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" அங்கிருந்து, "இல்லைன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது!" கடைசியில் இந்தப் பக்கம் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"சாரி மேடம். ரொம்பக் கல்நெஞ்சக்காரங்க."

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. பல் டாக்டரிடம் கத்துகிறவர்களை அடக்குகிற குரலில், "உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க!" என்றாள்.

வந்தவர் வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவர். எல்லோரும் அவரை மகிழ்ச்சி சார் என்றே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு உட்கார்ந்து பேசினார். அவர் பேசினதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன், கோபத்தில் அப்படியே மனசில் பதிந்துவிட்டது.

"அம்மா, வீடு வாங்கறது உணர்வுபூர்வமான முடிவு. அந்த நேரத்துல பக்கத்துல விவரம் தெரிஞ்சவங்க இருந்தா உணர்வு கெட்டுடும். நாங்க ஆராய்ச்சியே பண்ணிருக்கோம். விவரம் தெரிஞ்சவங்க கேள்வி கேக்கறாங்க. கேள்வி கேட்டா வாங்கறவங்க முகம் வாடுது. முகம் வாடினா அப்புறம் என் துறை எதுக்கு? அதனாலதான் உங்களுக்காகப் பேசற ஆளையும் நாங்களே குடுக்கறோம். அவர் எங்ககிட்ட சம்பளம் வாங்கறவர். அவர் உங்களுக்காக எங்களை எதிர்த்தா எங்களுக்கு அடுத்த நிமிஷமே தெரிஞ்சுடும். இதைவிட வெளிப்படையா ஒரு ஏற்பாடு உண்டா?"

"எங்க புரோக்கருக்குக் குடுக்க வேண்டிய கமிஷன் மிச்சமாகுதே, அதை எங்களுக்குக் குறைப்பீங்களா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. அது விருந்தோம்பலுக்குப் போயிடும்."

"எந்த விருந்தோம்பல்?"

"அம்மா தண்ணி குடிச்சாங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தண்ணீரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. "ஏம்ப்பா, எனக்குத் தெரியாம நடந்துபோச்சு. அந்த ஸ்டிக்கரை எடுத்துட்டு எங்க ஆளை உள்ள விடுப்பா" என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

"எடுத்துடலாம்மா. நீங்க அன்னைக்கு வரலைன்னு நிரூபிச்சாப் போதும்."

"நான் வந்தேனே!"

"அதாம்மா சிக்கல். நேர்மையா ஒத்துக்கறீங்க பாருங்க, உங்களை மாதிரி வாடிக்கையாளர்தான் எங்களுக்கு வேணும்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கதவைப் பத்தித்தானே கவலை? கவலையே வேணாம். உங்க அம்மா அனுபவிச்சுப் பாராட்டின கதவுதான் அது. விருந்தினர் பாத்ரூம்ல போட்டிருக்கோமே, அதே கதவு, அதே சட்டம், அதே கைப்பிடி. எல்லா வீட்டுக்கும் அதேதான் வருது. இந்தக் கட்டிடத்துலயே உண்மையான கதவு அது ஒண்ணுதான்."

மாப்பிள்ளை இதுவரை அதிகம் பேசாமல் இருந்தவர், "எனக்கு பாத்ரூம் போகணும்" என்றார்.

எல்லோரும் பின்னாலேயே போனோம். மகிழ்ச்சி சார், அட்டை, ஸ்டிக்கர் பெண், செக்யூரிட்டி, நாங்கள். ஊர்வலம். மாப்பிள்ளை நிதானமாக நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கதவுக்கு நேராக வைத்தார். அந்தப் பெண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். உருட்டினார். டங்கென்று இரண்டு சக்கரமும் இரண்டு பக்கச் சட்டத்தில் இடித்தது. பின்னால் வந்து கொஞ்சம் சாய்த்து உருட்டினார். டங். மறுபடியும் டங்.

மகிழ்ச்சி சார் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"நாற்காலி கொஞ்சம் பெரிசா இருக்கோ?" என்றார் மகிழ்ச்சி சார்.

அட்டை தன் அட்டையைக் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரிபார்த்துக்கொண்டு, "வீட்டுக்கு ஏத்த நாற்காலியா ஒண்ணு வாங்கிக்கலாம் மேடம், உங்க ஆலோசகரா சொல்றேன்" என்றார்.

மகள் மாப்பிள்ளையின் காதருகில் குனிந்தாள். "நிஜமாவே போகணுமா, சும்மா சொன்னீங்களா?"

"முதல்ல சும்மாதான் சொன்னேன். இப்ப நிஜமாவே போகணும்."

கைப்பையை என்னிடம் கொடுத்தாள். குனிந்தாள். அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்தாள். அத்தனை கோட்டுக்காரர்கள் முன்னால், அந்த வாசனையில், அந்த வெளிச்சத்தில், வீட்டில் தினமும் செய்கிறதை அங்கே செய்தாள். தூக்கும்போது அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். ஓர் ஆள்கூடக் கை நீட்டவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே கொண்டுவந்து உட்கார வைத்து அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஸ்டிக்கர் பெண் பக்கத்தில் வந்தாள். அவளும் பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அவ்வளவுதான். பாத்ரூம் போனால் புது வருகையாம்.

"சார், தனியா போனீங்களா, கூட ஆள் இருந்தாங்களா?"

என் மகள் நிமிர்ந்தாள். மூச்சு வாங்கியது. "ஆள் இருந்தாங்க. நான்தான் அவரோட ஆள்."

அந்தப் பெண் மகிழ்ச்சி சாரைப் பார்த்தாள். அவர் கண்ணால் ஏதோ சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு நீல ஸ்டிக்கரை மாப்பிள்ளையின் நாற்காலிக் கைப்பிடியில் ஒட்டினாள்.

வெளியே வந்தோம். டேப்பு நீரூற்று ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டேப்பைத் திருப்பி வாங்கியிருந்தாள். எழுந்து ஓடி வந்து, "கதவு எவ்வளவு?" என்றாள்.

"நான் போற அளவு இல்ல" என்றார் மாப்பிள்ளை.

டேப்பு இழுத்து வைத்திருந்த டேப்பை விட்டாள். விர்ரென்று உள்ளே போனது. அன்றைக்கு முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. அத்தனை நேரம் இருமினவள்.

அவர்கள் வீடு வாங்கவில்லை. இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார்கள். டேப்பு வேறு இடங்களில் கதவு அளந்துகொண்டிருக்கிறாள். மகள் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

நான் என்ன செய்கிறேன் என்கிறீர்களா? சாயங்காலம் பஸ் பிடித்து அந்த நீரூற்று பெஞ்சுக்குப் போய்விடுகிறேன். கட்டிடம் அவர்களுடையது, பெஞ்சு நடைபாதையில் இருக்கிறது. யாராவது அந்தக் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினால் கூப்பிடுவேன். "தம்பி, தனியா வந்தீங்களா? என்ன விஷயமா?" பாதிப் பேர் "சும்மாதான்" என்பார்கள். "அந்த வார்த்தையை உள்ள போய்ச் சொல்லிடாதீங்கப்பா. உங்களுக்குன்னு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க. பாத்ரூம் அவசரம்னா பஸ் ஸ்டாண்டுல போங்க. நாத்தம் அடிக்கும், ஆனா அதோட விட்டுடுவாங்க." நிறையப் பேர் சிரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சிலர் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நேற்று மகிழ்ச்சி சாரே வெளியே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"அம்மா, இங்க தினமும் என்ன பண்றீங்க?"

தோளைத் திருப்பிக் காட்டினேன். அன்றைக்கு ஒட்டின நீல ஸ்டிக்கரைப் புடவையோடு துவைத்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்து, வரும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

"சும்மாதாம்ப்பா" என்றேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். வீடு வாங்கப் போன இடத்தில் உங்கள் ஆளை வெளியே நிறுத்தினார்களா? அவர்களே கொடுத்த ஆள் உங்களுக்காக யாரோடு சண்டை போட்டார்? எழுதுங்கள், ஒன்று விடாமல் படிக்கிறேன், பெஞ்சில் கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஒன்றே ஒன்று. "சும்மா எழுதறேன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.